ஆட்டுச் சவ்வும் ஒரு செம்பு தண்ணீரும்

சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தண்ணீர் மிஷின் சென்ற மாதம் திடீரென்று நின்றுபோனது. ரிப்பேர் பார்க்க வந்தவர் அதன் வயிற்றைத் திறந்து, வெள்ளையாகக் குழல் மாதிரி ஒன்றை உருவி எடுத்து, "மெம்பரேன் போயிட்டு பாட்டி, மாத்தணும்" என்றார்.

"அப்படின்னா?"

"சவ்வு மாதிரி பாட்டி. உப்பையெல்லாம் அது நிறுத்தி வச்சிக்கிடும். தண்ணியை மட்டும் விடும்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆட்டோடதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. "ஐயோ பாட்டி, பிளாஸ்டிக்!" என்றார். பேரன் மனைவி, "அவங்க அப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க, நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிட்டாள்.

நான் ஒன்றும் பிதற்றவில்லை. சவ்வு என்றால் எனக்கு ஆட்டுச் சவ்வுதான். அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டு, கைக்குழந்தையோடு வாழாவெட்டியாகப் பிறந்த வீட்டில் நின்றுபோக இருந்தவள் நான். அதை எடுத்துச் சொன்னால் இந்த வீட்டில் யாருக்கும் புரியாது. எனக்கே முழுசாகப் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

நான் பிறந்த ஊர் ராயகிரி. மேற்கே மலை. எந்தக் கிணற்றில் வாளியைப் போட்டாலும் குடிக்கிற தண்ணீர்தான் வரும். அதை என்னவோ தானே தோண்டி எடுத்துவிட்ட மாதிரி அப்பாவுக்கு ஒரு பெருமை. அசலூரில் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம ஊருத் தண்ணி மாதிரி வருமா?" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்கு வரன் பார்த்தபோதும் நிலபுலன், உத்தியோகம் எல்லாம் அவருக்குப் பிறகுதான். முதல் கேள்வி தண்ணீர். குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்த நல்ல நல்ல வரன்களையெல்லாம், "அங்கன பொட்டப் பிள்ளையக் குடுத்தா ஆயுசு பூரா குடமும் இடுப்புமா அலையும் வே" என்று தரகரிடம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சங்கரன்கோவில் வரன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். அப்பா கேட்டதும் தரகர், "வீட்டுக்குள்ளயே கெணறு அண்ணாச்சி, கோடையிலயும் வத்தாது" என்றார். அப்பா நேரில் போனார். பின்கட்டில் கிணறு, குனிந்து கையை விட்டால் எட்டிவிடும் என்கிற மாதிரி தண்ணீர். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்தார், கல்லைப் போட்டுப் பார்த்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். குடித்து மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் கொடுத்த காப்பி வெளியிலிருந்து எடுத்து வந்த தண்ணீரில் போட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. பொய் என்று எதையும் சொல்ல முடியாது. கிணறு இருக்கிறதா என்றுதானே கேட்டார், குடிக்கலாமா என்று அவர் கேட்கவே இல்லையே.

கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் முதல் நாள் காலை, கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாய் கொப்பளித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. புதுப்பெண்ணை ஆழம் பார்க்க யாரோ வாளியில் உப்பைக் கரைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் கேலி செய்வார்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவி இன்னொரு தடவை இறைத்தேன். அதுவும் உப்பு. மூன்றாவது வாளியோடு நான் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்தாள்.

"என்ன ஏட்டி முழிக்க? அது புழங்கதுக்கு. குடிக்கதுக்கு ஸ்டேஷன் பக்கம் போவணும்."

போனேன். தினமும் போனேன். அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காப்பிக்குப் பாலை ஊற்றினால் திரிந்து போகும். ஆகவே சமையலுக்கும் குடிக்கவும் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணறுதான் கதி. காலையில் எங்கள் தெரு நெடுக நெசவுக்காரர்கள் தறிக்குப் போகிற பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். நூலில் ஒரு சொட்டு சிந்தினாலும் சத்தம் போடுவார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி ஒட்டி நடக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ஆசாரம். அடுத்தவர் கை பட்ட தண்ணீரைத் தொடமாட்டாள். வீட்டு மனுஷிதான் எடுத்து வர வேண்டும். அவளுக்கு முட்டுவலி. வேறு மனுஷி யார்? இந்தச் சிறுக்கிதான்.

ஒருநாள் குடத்தை அடுக்களையில் நங்கென்று இறக்கினேன். அந்தச் சத்தத்தில் கோபம் இருந்தது என்பது சயின்ஸ் வாத்தியாருக்குக்கூட விளங்கிவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தார்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. சவ்வு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க. அத வச்சா உப்புத் தண்ணி நல்ல தண்ணி ஆயிரும்."

"யாரு கண்டுபிடிச்சிருக்கா?"

"வெளிநாட்டுல. பாளையங்கோட்டையில ஒரு சிநேகிதன் குடுத்த பத்திரிகையில போட்டிருக்கான்."

"நம்ம ஊருக்கு எப்போ வருது?"

"அதெல்லாம் வராது. நாமளேதான் பண்ணணும்."

ரயில் வருவது மாதிரி சவ்வும் ஒருநாள் வந்து இறங்கும் என்று நினைத்துக் கேட்ட எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சவ்வை எப்படிப் பண்ணுவது? அது என்ன இட்லியா? ஆனால் மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர் அதிகம் பேசமாட்டார், பொய் சுத்தமாக வராது. சரி, ஏதோ இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அத்தைக்கு சவ்வு என்றால் ஒன்றுதான் தெரியும். ஆடித் தபசுத் திருவிழாவில் கம்பில் சுற்றிக்கொண்டு வந்து இழுத்து இழுத்துக் கொடுப்பார்களே, அந்த சவ்வு மிட்டாய். அந்த வருஷத் தபசில் ஒன்று வாங்கி, யாருக்கும் சொல்லாமல் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரில் போட்டு ஊறவைத்துவிட்டாள். உப்பு இருக்கிற இடத்தில் இனிப்பைச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடித்துப் போய்விடும் என்பது அவள் கணக்கு. தண்ணீர் ரோஸ் கலரில் இருந்தது. எனக்கு ஒரு தம்ளர் கொடுத்தாள். உப்பும் இனிப்புமாக வாய்க்குள் அப்படி ஒரு அநியாயம். அவளும் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஒம் புருஷன் சொன்னத நம்பி ஒரு சவ்வு வீணாப் போச்சு" என்று பழியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் ஒருநாள் என் வீட்டுக்காரர், கிணற்றுத் தண்ணீர் ஒரு பானையைச் சுண்டக் காய்ச்சித் தரச் சொன்னார். எதற்கு என்றால், "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணும்" என்றார். இருக்கிற உப்பைப் போக்குவதற்கு வழி கேட்டால் இவர் உப்பைக் கூட்டுகிறாரே! காய்ச்சிக் கொடுத்தேன். மறுநாள் மாட்டுக்கு வைக்கோல் போடத் தொழுவத்துக்குப் போனபோதுதான் பார்த்தேன். மூலையில் நான் இடுப்பொடிய எடுத்து வந்த நல்ல தண்ணீர் ஒரு வாளி நிறைய. அதற்குள் வெளுத்த பை ஒன்று முங்கிக் கிடந்தது. பையின் வாயில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி நூலால் இறுக்கிக் கட்டி, குழாயில் மையால் ஒரு கோடு.

"இது என்னது?"

"சவ்வு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆட்டோட மூத்திரப்பை. அம்மாகிட்டச் சொல்லிராத" என்றார்.

எங்கள் இரண்டு குடும்பமும் சுத்த சைவம். முட்டை ஓட்டை மிதித்தாலே தலை முழுகுகிற அத்தை. அவள் தொழுவத்தில் ஆட்டின் மூத்திரப்பை கிடக்கிறது! ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குழாயைக் காட்டினார்.

"பாத்தியா, கோட்டைத் தாண்டி ஏறிட்டு! ராத்திரியோட ராத்திரியா ஏறிட்டு!"

"அப்போ உப்புத் தண்ணி நல்ல தண்ணி ஆயிட்டா?"

"இல்ல இல்ல. பைக்குள்ள இருக்கது உப்புத் தண்ணி. வாளியில இருந்த நல்ல தண்ணிதான் சவ்வு வழியா உள்ள போயிருக்கு."

"நான் கொண்டாந்த நல்ல தண்ணியா?"

"ஆமா."

"உப்புக்குள்ளயா போயிட்டு?"

"ஆமா!"

"அப்போ அதுவும் கெட்டுல்லா போச்சு! இதுக்கா இந்தச் சிரிப்பு சிரிக்கிய?"

அவர் கொஞ்சம்கூடக் கோபப்படாமல் விளக்கினார். நடுவில் ஒரு சவ்வு இருந்தால் நல்ல தண்ணீர் உப்பு இருக்கிற பக்கமாகத்தான் போகுமாம், அது அதன் குணமாம். நாம் செய்ய வேண்டியது அதைத் திருப்புவது. உப்புத் தண்ணீர் இருக்கிற பக்கத்திலிருந்து நன்றாக அழுத்தினால், தண்ணீர் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடும், உப்பு அங்கேயே நின்றுவிடும். வெளிநாட்டில் சில இடங்களில் கரண்டு வைத்தும் பிரிக்கிறார்களாம். "தண்ணிக்குள்ள கரண்டு விட்டாக் குடிக்கவன் செத்துல்லா போவான்?" என்று கேட்டேன். அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"சரி, எப்படி அழுத்த?"

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அதுதான் தெரியல. கையால அழுத்துனாப் பை கிழிஞ்சிருது."

இப்படியாக வீட்டில் இரண்டு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. நான் ஸ்டேஷன் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வருவேன். அவர் அதில் ஒரு வாளியை எடுத்துப்போய் உப்புக்குக் கொடுப்பார்.

எனக்கு ஏழாம் மாதம் ஆனபோது, வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்துப் போக அப்பா வந்தார். நல்ல வெயில். நான் அடுக்களையிலிருந்து தண்ணீரோடு வருவதற்குள் நேராகப் பின்கட்டுக்குப் போய், தானே ஒரு வாளி இறைத்து, கை நிறைய அள்ளி ஒரு மிடறு குடித்துவிட்டார். அவர் துப்பின சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"ஏட்டி, இதையா குடிக்க நீ?"

"இல்லப்பா. ஸ்டேஷன் பக்கம் போயி எடுத்துட்டு வாரேன்."

"வயித்துப் பிள்ளையோடயா?"

அப்பா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஊரெல்லாம் தண்ணீர் நியாயம் பேசின மனுஷன், தன் மகள் விஷயத்தில் ஏமாந்துவிட்டோமே என்று அவருக்கு அவமானம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், அப்பா எழுந்து நின்று சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போடாமல் பேசினால்தான் எங்களுக்கெல்லாம் பயம்.

"மாப்ளே, என் மகளக் கூட்டிட்டுப் போறேன். இந்த வீட்டுக்குள்ளயே நல்ல தண்ணி இருக்குன்னா வந்து கூப்பிடுங்க, அனுப்புதேன். இல்லன்னா வர வேண்டாம். பிள்ளையையும் அவளையும் நானே வச்சிக்கிடுதேன்."

"சவ்வு ஒண்ணு பண்ணிட்டிருக்கேன் மாமா. நான் வந்து கூப்பிடும்போது வீட்டுக்குள்ள நல்ல தண்ணி இருக்கும். என் வாக்கு."

"என்ன பண்ணிட்டிருக்கிய?"

"சவ்வு."

பஸ்ஸில் வரும்போது அப்பா என்னிடம் கேட்டார். "சவ்வுன்னா? வெங்காயம் உரிக்கையில மெல்லிசா ஒண்ணு வருமே, அதுவா?" ஆட்டைப் பற்றிச் சொன்னால் அங்கேயே பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவார். "ஏதோ படிச்சவங்க விஷயம்பா, எனக்குப் புரியல" என்றேன். அதில் பாதி உண்மைதான்.

ஆனால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ராயகிரிக்கு வந்த கையோடு, தன் மருமகன் வெங்காயச் சவ்வை வைத்து உப்புக் கிணற்றை நல்ல கிணறாக்கப் போகிறார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அவமானத்துக்கு அது ஒரு மருந்து போலும். "கெணத்துல வெங்காயத்த உரிச்சுப் போடணுமாமே?" என்று என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு நான் எந்தப் பக்கம் தலையை ஆட்டுவது?

பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த அவர் கறுத்து மெலிந்திருந்தார். கழுத்தெல்லாம் வெயில் தின்றிருந்தது. பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா, "சவ்வு எந்த மட்டுல இருக்கு?" என்றார். "நடக்கு மாமா" என்றார். என்ன நடக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.

அவர் போன பிறகுதான் எனக்குப் பிடித்தது கேடு. பிறந்த வீடு, ராணி மாதிரி கவனிப்பு, அடுக்களை வாசலைத் தாண்டினால் கிணறு, இறைத்தால் தேவாமிர்தம். இதற்காகத்தானே ஒரு வருஷமாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்? ஆனால் சோறு இறங்கவில்லை. அந்தக் கிறுக்கு மனுஷன் இன்றைக்குப் பையை அழுத்தினாரோ, கிழிந்ததோ, அத்தை தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டாளோ என்று நினைப்பு அங்கேயே சுற்றியது. போக வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல வெட்கம். அப்பாவிடம் சொன்னால், "எங்க, அந்த உப்புக்கா?" என்பார். எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறதோ என்று நானே சந்தேகப்பட்டேன். அந்த ஆட்டுப் பையிலிருந்து ஒரு சொட்டு நல்ல தண்ணீர் வந்தால்தான் நான் அவரோடு வாழ முடியும். அது வராது என்று என் புத்திக்குத் தெரிந்தே இருந்தது.

பிள்ளைக்குக் கழுத்து நின்ற சமயம் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் வாயை வாழை இலையால் மூடிக் கட்டின பித்தளைச் செம்பு. என் சீர்ச் செம்பு. கூடத்தில் அப்பா முன்னால் அதை வைத்தார்.

"வீட்டுத் தண்ணி மாமா. குடிச்சுப் பாருங்க. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

அப்பா இலையைப் பிரித்து அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். நிறுத்தினார். மறுபடியும் குடித்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். "அட! நம்ம ஊருத் தண்ணி தோத்துது போங்க!" என்றார். தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மாவைப் பார்த்து, "ஏட்டி, பிள்ளைக்கு வேண்டியத எடுத்து வை, மாப்பிள்ளை சாப்பிட்ட ஒடனே கெளம்பட்டும்" என்றார். சவ்வு பலித்துவிட்டதா? நிஜமாகவா?

அப்பா செம்பை என் பக்கம் நீட்டினார். நானும் ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். இந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் இடுப்பில் சுமந்த தண்ணீர். கிணற்று மேட்டு வேப்பமரத்து இலை விழுந்து விழுந்து லேசாக ஒரு கசப்பு கடைசியில் நாக்கில் நிற்கும். இது ஸ்டேஷன் கிணறு! அவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல வராத மனுஷன் பொய் சொல்கிறாரா? இல்லை, சவ்வு வழியாக வந்தால் எல்லாத் தண்ணீருக்கும் வேப்பிலை ருசி வருமா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா, வந்தவர்கள் காதில் விழட்டும் என்று உரக்கக் கேட்டார். "ஆமா மாப்ளே, அந்தச் சவ்வு எதுல பண்ணினது? வெங்காயம்தானே?"

"இல்ல மாமா. ஆட்டு மூத்திரப்பை."

வந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினார். அப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "போட்டுட்டீரே வே, தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீரே!" என்று கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். மருமகனுக்குக் கொடுக்கிற மரியாதையெல்லாம் அந்த ஓட்டத்தில் பறந்துவிட்டது. ஒரு வாளி இறைத்து வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தார்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார், நானும் பிள்ளையோடு ஓடினேன். அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும். அப்பா தலைமுழுகி, சண்டை போட்டு, ஒரு மாதம் கழித்து ஆறிப்போவார். வீட்டுக்குள் நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்ற கணக்கு அப்படியே நிற்கும். அந்த மனுஷனுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?

"மாமா, நில்லுங்க. அந்தத் தண்ணி சவ்வுல பட்டதில்ல. உங்க ஆசாரத்துக்கு ஒண்ணும் ஆகல. சவ்வு வேல செய்யல மாமா. இது ஸ்டேஷன் கெணத்துத் தண்ணி."

அப்பா கன்னம் உப்ப வாய் நிறையத் தண்ணீரோடு நின்றார். துப்பவா, முழுங்கவா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, கடைசியில் துப்பினார்.

"அப்போ வீட்டுத் தண்ணின்னீங்க?"

"வீட்டுலதான் இருக்கு. அண்டா நெறைய இருக்கு. பின்கட்டுல ஒரு தொட்டி கட்டி அதுலயும் நெரப்பி வச்சிருக்கேன். வீட்டுக்குள்ள நல்ல தண்ணி இருக்கும்னுதான் வாக்குக் குடுத்தேன். இருக்கு."

"யாரு கொண்டாந்தா?"

"நாந்தான்."

"நீங்கன்னா?"

"நானே. காலையில பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னால. இவ இங்கன வந்த அன்னையிலேருந்து நாந்தான் தூக்குதேன். அம்மாவுக்கும் எடுக்கணுமே மாமா. வீட்டு மனுஷின்னு யாரும் இல்ல, வீட்டு மனுஷன் நான் இருக்கேம்லா?"

அப்பா நம்பவில்லை. வேட்டி சட்டை போட்ட வாத்தியார், படிக்கிற பிள்ளைகள் பார்க்கப் பார்க்கத் தெருவில் குடம் சுமப்பதாவது! எங்கள் பக்கத்தில் ஆம்பிளை குடம் தூக்கினால் அவன் பெண்டாட்டி ஊர்வாயில் மென்று துப்பப்படுவாள். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துவிட்டுச் சட்டையைத் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கினார். வலது தோளில் குடத்தின் அடி உட்கார்ந்து உட்கார்ந்து தோல் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரைக்கும் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த அம்மா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அம்மா, அங்கிருந்தபடியே கேட்டாள்.

"நல்ல தண்ணி ஊரு, நல்ல தண்ணி ஊருங்கியளே. இந்தா இருக்கு கெணறு. நான் வந்த நாள்லேருந்து இதுலேருந்து ஒரு செம்பு எனக்குன்னு எறைச்சுக் குடுத்திருக்கியளா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காக அழுகிறேன் என்றே தெரியவில்லை, அம்மாவுக்கா, அந்தத் தோளுக்கா.

நான் உள்ளே போய் என் துணிமணியை மூட்டை கட்டினேன். அப்பா வந்து நின்று, "ஏட்டி, அங்க தண்ணி இல்லன்னு தெரிஞ்சுமா போற?" என்றார். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"தண்ணி தூக்க ஆள் இருக்குப்பா" என்றேன்.

அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது என்று எங்களுக்கு ஒரு வழக்கம். ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் அனுப்புவோம். அப்பா அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தானே இறைத்து, அதைக் கழுவி, நிறைய ஊற்றி, புது இலை வைத்துக் கட்டி என் கையில் கொடுத்தார். திரும்பிப் போய் இன்னொரு வாளி இறைத்து, அம்மாவின் குடத்தில் ஊற்றினார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அத்தை பிள்ளைக்கு ஆரத்தி சுற்றினாள். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியே அண்டா நிறையத் தண்ணீர், தொட்டி நிறையத் தண்ணீர். தொழுவத்தில் அந்த வாளியும் அப்படியே இருந்தது. புதுப் பை ஒன்று கட்டியிருந்தார். குழாயில் தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறி நின்றது.

"இன்னும் விடலையா இத?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "எப்படி அழுத்துனாலும் திரும்ப மாட்டேங்குது. யாரும் தள்ள வேண்டாம், பிடிச்சு இழுக்க வேண்டாம். நல்ல தண்ணி அதுபாட்டுக்குத் தானா உப்புப் பக்கம் போயிட்டே இருக்கு. என்னத்துக்குப் போவுதுன்னு புத்தகத்துல என்னவோ போட்டிருக்கான். நானும் பிள்ளைகளுக்கு அதத்தான் சொல்லிக் குடுக்கேன். நெசமாச் சொல்லுதேன், எனக்கே சரியாப் புரியல."

இடுப்பில் பிள்ளையும் கையில் ராயகிரித் தண்ணீருமாக நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும்தான் புரியவில்லை. அப்படிப்பட்ட தண்ணீரை விட்டுவிட்டு, அப்பாவே "தெரிஞ்சுமா போற?" என்றபோதும் நிற்காமல், அத்தனை அவசரமாக மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று.